நிழலோடு ஒரு சாவி ஸ்டாண்டு

"இதென்னங்க, கொக்கிக்குப் பக்கத்துல கருப்பா இன்னொரு கொக்கி?"

சுமித்ரா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆசாரி சின்னுசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"உங்க படத்துல இருந்துச்சுங்களே அம்மணி. தனியாச் செதுக்கி, கரியக் கொழச்சுப் பூசியிருக்கறன். அரை நாள் வேலைங்க."

அது நிழல். செம்மேட்டில் அவள் வேலை பார்க்கும் டைப்பிங் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. போட்டோஷாப்பில் நிழல் போட அவள் கற்றுக்கொண்டது போன வாரம். கற்ற வித்தையைச் சும்மா வைத்திருக்க முடியுமா? மர ரேகை, மேலே மிளகுக்கொடி, கீழே ஐந்து கொக்கி, கொக்கிக்கு ஒரு நிழல் என்று வரைந்து தள்ளியிருந்தாள்.

எல்லாம் நர்ஸம்மா தாமரைச்செல்விக்காக. வெள்ளிக்கிழமை அவர் மாற்றலாகி ராசிபுரம் போகிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கொட்டுகிற மழையில், அவருடைய குவார்ட்டர்ஸ் கட்டிலில்தான் சுமித்ராவுக்குப் பிரசவம் ஆனது. கொடி சுற்றிய குழந்தை. வலியில் கண்ணை மூடியவள் திறந்தபோது நர்ஸம்மா கையில் கௌசிகா வீறிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கைக்கு ஒரு நன்றி சொல்லாமல் மலையிறங்க விட்டால் சுமித்ராவுக்குச் சோறு இறங்காது.

சாவி ஸ்டாண்டு எதற்கென்றால், நர்ஸம்மா எங்கே போனாலும் வீட்டைப் பூட்டாமல்தான் போவார். பாவம், சாவியைத் தொலைத்துத் தொலைத்துச் சலித்துவிட்டார் போலிருக்கிறது என்று சுமித்ராவே கண்டுபிடித்திருந்தாள்.

"தேன் குடுக்கலாம், சேலை எடுக்கலாம். சாவி ஸ்டாண்டு மட்டும் வேண்டாஞ் சுமி," என்று கணவன் ராசு முதல் நாளிலிருந்தே முனகிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க வேண்டாம்? ராசிபுரத்துல கதவத் தொறந்து போட்டுட்டுப் போனா சும்மா உடுவாங்களா?"

ராசு காயப்போட்டிருந்த மிளகைக் கிளறப் போய்விட்டான். இந்த மனுஷனுக்கு நன்றி என்பதே கிடையாது என்று சுமித்ரா முடிவு கட்டினாள்.

செவ்வாய்க்கிழமை நிழலை அழித்தாள். நிழல் போனதும் கொக்கி கொக்கியாகவே தெரியவில்லை. ஆசாரிக்குப் புரியட்டும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சாவியைத் தொங்கவிட்டுப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் பலாப் பலகை வந்தது. அதில் ஐந்து மரச் சாவிகள், கொக்கியோடு சேர்த்து ஆணி அடிக்கப்பட்டிருந்தன.

"இதக் கழட்ட முடியாதுங்களா?"

"அம்பது வருஷமானாலும் கழலாதுங்க," என்றார் ஆசாரி பெருமையாக.

"ஐயோ, நான் வாயில சொல்லிடறனுங்க."

"வாயில சொன்னா மறந்துருமுங்க. படமாக் குடுங்க. ஒரு நூல் பிசகாது."

வியாழக்கிழமை சாவிகளை அழித்தாள். நடுவில் மூன்று முறை கரண்ட் போனது. கடைசியில் பிரிண்டரில் மை தீரும் நேரம் பார்த்துப் படத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. ஒரு கோடுதானே, அதுகூடவா ஆசாரிக்குத் தெரியாது என்று கொடுத்துவிட்டாள்.

ஆசாரிக்குத் தெரிந்திருந்தது. கோட்டை அளந்து, சரியாக அந்த இடத்தில் பலகையை இரண்டாக அறுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை மணி ஒன்பது. நர்ஸம்மாவுக்குப் பத்தரை மணி பஸ். இரண்டு துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு சுமித்ரா அழுதே விட்டாள்.

"அழுவாதீங்க கண்ணு," என்று பதறிய ஆசாரி, படமே இல்லாமல், பின்னால் ஒரு பட்டையை வைத்து இரண்டையும் சேர்த்து அடித்துக் கொடுத்தார். தழும்பு தெரிந்தது. ஆனால் சாவி மாட்டலாம்.

ராசுவையும் இழுத்துக்கொண்டு அவள் குவார்ட்டர்ஸுக்கு ஓடினாள். வாசலில் ஆஸ்பத்திரி ஆயா அத்தாயி பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். நர்ஸம்மா பலகையைச் சுற்றியிருந்த பேப்பரைப் பிரித்து, மிளகுக்கொடியை விரலால் தடவிப் பார்த்தார்.

"நீயே வரஞ்சியா கண்ணு?"

"ஆமாங்க. நீங்க இல்லீன்னா நானும் இல்லீங்க, கௌசிகாவும் இல்லீங்க."

நர்ஸம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எத்தனையோ பிரசவம் பாத்திருக்கேன். எனக்குன்னு ஒக்காந்து ஒருத்தரும் ஒண்ணு செஞ்சு தந்ததில்ல."

"இனிமே உங்க சாவி தொலையாதுங்க," என்றாள் சுமித்ரா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

நர்ஸம்மா ராசுவைப் பார்த்தார். ராசு, பஸ் வருகிறதா என்று பார்த்தான். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

கயிற்றை இறுக்கி முடிந்துவிட்டு அத்தாயி நிமிர்ந்தார்.

"தொலையறதுக்கு இந்த ஊட்டுக்குப் பூட்டே இல்லியே சாமி! அன்னிக்கு அம்மா ஊசி போடப் போயிருந்தப்ப, மழையில உன்னையத் தூக்கிட்டு வந்து உன் ஊட்டுக்காரன்தானே கல்லால அடிச்சுப் பூட்ட ஒடச்சான்? 'வலியோட வர்றவ எவளும் இனி வெளிய நிக்கக் கூடாது'ன்னு அம்மா அப்பறம் பூட்டே வாங்கல!"