தூங்கிக் கெடுத்த சைடர் அண்ணாச்சி

நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்தில், நாயே வளர்க்காமல் நிம்மதியாகத் தூங்கிய தெரு எங்கள் தெரு ஒன்றுதான். காரணம், சைடர் அண்ணாச்சி. மனிதர் இரண்டு வருடமாகக் கண் மூடவில்லை. எந்தத் தைரியத்தில் திருடன் வருவான்?

ஸ்பின்னிங் மில்லில் அறுந்த நூலை ஒட்டுகிறவருக்குச் சைடர் என்று பெயர். நான் அதே மில்லில் வருகை எழுதும் டைம் ஆபீஸ் குமாஸ்தா. இருபத்தைந்து வருடம், காது கிழியும் சத்தத்தில், கண் சிமிட்டுவதற்குள் இழை ஒட்டியவர் அவர். திடீரென்று மனசு சோர்ந்துவிட்டது. என்ன கவலை என்று கேட்டால், "கவலை இருந்தாச் சொல்லமாட்டேனா தம்பி? ஒண்ணுமில்ல. அதான் பயமா இருக்கு" என்பார்.

ஊர் சும்மா இருக்குமா? ஒருவர் கசகசாப் பால் என்றார், ஒருவர் எண்ணெய்க் குளியல் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் மச்சினர் ஒரு கிலோ பால்கோவாவோடு வந்து, "இதத் தின்னுட்டுப் படுங்க அத்தான், அசந்துருவீக" என்றார். தூக்கம் வரவில்லை, சுகர் வந்தது.

பிறகு மறதி. வார விடுமுறையன்று மில் வாசலில் நின்று எனக்குப் போன் போட்டார். "தம்பி, அம்புட்டுப் பேரும் லீவு போட்டுட்டாக போல. நான் மட்டுந்தான் வந்திருக்கேன், எழுதிக்கிடுங்க." நான் சிரித்தேன். அடுத்த வாரமே மெல்லிய அறுபதாம் நம்பர் நூலில் தடித்த நாற்பதாம் நம்பரைக் கலந்துவிட்டார். அவரை மெஷின் வேலையிலிருந்து எடுத்து, கழிவுப் பஞ்சுக் குடோனில் போட்டார்கள். இன்னொரு தப்பு என்றால் வேலை போய்விடும். சிரித்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

மனச்சோர்வோடு தூக்கமும் கெட்டவர்களுக்கு மூளையின் எந்தப் பகுதி எதோடு தொடர்பு அறுந்திருக்கிறது என்று மதுரையில் ஸ்கேன் எடுத்து ஆராய்வதாகக் கேள்விப்பட்டு, அழைத்துப் போனேன். "அறுந்தது எங்கனன்னு மட்டும் சொல்லட்டும், நானே ஒட்டிக்கிடுதேன்" என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மெஷினுக்குள் தூங்காமல் படுத்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. "அது ஒண்ணுதான் டாக்டர் எனக்கு நல்லா வரும்" என்று உள்ளே போனார். மெஷின் தடதடவென்று மில் மாதிரியே இரைந்தது. ஐந்தாவது நிமிடம் ஸ்பீக்கரில் குறட்டை கேட்டது.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தூங்கிட்டா இந்தப் படம் எங்களுக்கு உதவாது சார்." இரண்டு வருடத்தில் வந்த ஒரே தூக்கத்தை ஆள் விட்டுக் கலைத்தோம். வெளியே வந்த அண்ணாச்சியின் முகம் கழுவிவிட்டது போல இருந்தது. "தம்பி, மறுபடி எப்பக் கூப்பிடுவாக?"

கூப்பிடமாட்டார்கள். ஆராய்ச்சிக்கு அவர் சரிப்படமாட்டார் என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள். கொடுத்த மாத்திரையும் கேட்கவில்லை. மில் சத்தத்தைச் செல்போனில் பிடித்துப் போட்டுக் காட்டினேன். "இது பொம்ம மெஷினு தம்பி" என்றார். மெஷின் பக்கத்தில் அரைமணி நேரம் படுக்கவிடச் சொல்லி ஃபோர்மேனிடம் கெஞ்சினேன். "டைம் ஆபீஸ்காரனே தூங்க ஆள் கூட்டிட்டு வாரியா?" என்றார் அவர்.

தினமும் காலையில் டைம் ஆபீஸில் என் ஜன்னலுக்கு வந்து, "தம்பி, மதுரையில இருந்து கூப்பிட்டாகளா?" என்று கேட்கிறார். "அடுத்த வாரம் அண்ணாச்சி" என்கிறேன். நேற்றும் அதையே சொன்னது அவருக்கு நினைவில்லை. சரி என்று முகம் தெளிந்து குடோனுக்குப் போகிறார்.

கேட்கவே மறந்து அவர் என் ஜன்னலைத் தாண்டிப் போகும் நாளை நினைத்தால், எனக்கும் இப்போதெல்லாம் தூக்கம் வருவதில்லை.