சாமிகளுக்கு நோட்டீஸ் கொடுத்த அண்ணாச்சி

இந்தியாவிலேயே அரசாங்கத்தின் சார்பில் சாமிகளோடு நேருக்கு நேர் பேசிய ஒரே ஊழியர் எங்கள் ராஜபாளையத்துக்காரர்தான். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறொரு பெயர் இருந்திருக்கும். ஊருக்குத் தெரிந்த பெயர் நோட்டீஸ் அண்ணாச்சி.

சாலையை அகலப்படுத்தும் அலுவலகம் ஒன்றில் அவர் உதவியாளர். நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். பொது இடங்களில் உள்ள மதச் சின்னங்களை அகற்ற வேண்டும் என்று உத்தரவு வந்திருந்த நேரம் அது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சாலையோரத்தில் இருந்த பிள்ளையார், கருப்பசாமி, மாதா கெபி, தர்கா கொடிமேடை எல்லோரும் ஒரே நாளில் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். மத நல்லிணக்கத்தை அவ்வளவு முழுமையாக வேறு எந்தக் காகிதத்திலும் நான் பார்த்ததில்லை. வழிபாட்டு உரிமைக்குத் தடையில்லை என்றும் அந்த உத்தரவில் ஒரு வரி இருந்தது. எங்கே நின்று வழிபடுவது என்பதுதான் இல்லை.

விதி எளிமையானது. அகற்றும் முன் ஆக்கிரமிப்பாளருக்கு நோட்டீஸ் தர வேண்டும். அவர் குறித்த நாளில் அலுவலகத்துக்கு வந்து தன் தரப்பைச் சொன்னால் மாற்று இடம் கிடைக்கும். யாருமே இல்லையென்றால், 'உரியவர் எவருமில்லை' என்று எழுதிவிட்டு, இடித்து, மண்ணோடு மண்ணாக லாரியில் அள்ளிவிடலாம். மற்ற ஊழியர்கள் நோட்டீஸைச் சுவரில் ஒட்டிவிட்டு டீக்கடைக்குப் போனார்கள். அண்ணாச்சி மட்டும் அதைச் சாமியிடமே படித்துக் காட்டினார்.

"ஒட்டினாப் போதாதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நீங்க வீட்டுக்குள்ள இருக்கும்போது ஒருத்தன் கதவுல ஒட்டிட்டுப் போனா கோவம் வருமா, வராதா?"

"வரும்."

"உங்களுக்கே வருதுல்லா? அவியளுக்கு எம்புட்டு வரும்!"

கெபி முன்னால் செருப்பைக் கழற்றுவார். கொடிமேடை முன்னால் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொள்வார். கருப்பசாமிக்கு ஒரு சுருட்டை வைத்த பிறகுதான் 'சட்டப்பிரிவு' என்ற சொல்லையே எடுப்பார். கடித எண், நாள், பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று ஒரு எழுத்து விடாமல் படிப்பார். முடித்ததும் பேனா மூடியைத் திறந்து, "ஏதும் சொல்றதா இருந்தாச் சொல்லுங்க. செத்த நேரம் நிக்கேன்" என்பார்.

அப்படி அவர் நிற்கும்போது உடன் நிற்பது எனக்குப் பிடிக்காது. காரணம், கருப்பசாமி பீடத்தில் நடந்தது.

காலை பத்து இருபது. நல்ல வெயில். பக்கத்தில் மெயின் ரோடு, அதில் டவுன் பஸ், மில் வேன், பஞ்சு லாரி என்று ஓயாத போக்குவரத்து. அண்ணாச்சி பேனாவைத் திறந்தார். சத்தம் நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு நிமிடம் இரண்டு பக்கமிருந்தும் ஒரு சைக்கிள்கூட வரவில்லை. புளியமரத்தில் ஓர் இலையும் அசையவில்லை. அண்ணாச்சி இரண்டு முறை தலையை ஆட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். மூடியைத் திருகியதும் தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. சுருட்டைப் பார்த்தேன். முனையில் அரை அங்குலச் சாம்பல் இருந்தது. அதை யாரும் பற்ற வைத்ததை நான் பார்க்கவில்லை.

பிறகு விசாரித்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது என்றார்கள். ரயில்வே கேட் ஒரு பக்கம்தான் இருக்கிறது.

அண்ணாச்சியின் அறிக்கையில் 'எதிர்தரப்பின் பதில்' என்ற கட்டத்தை அவர் காலியாக விட்டதே இல்லை. 'பிள்ளையார்: கேட்டுக்கொண்டார். மாதா: வருத்தம் தெரிவித்தார். கருப்பசாமி: யோசித்துச் சொல்வதாக.'

உதவிப் பொறியாளர் சேலம் பக்கத்து இளைஞர். எங்கள் ஊர் வெயிலைத் தவிர எதையும் நம்பாதவர்.

"என்னங்க அண்ணாச்சி இது? வருத்தம் தெரிவித்தார்னா? எப்படித் தெரிவிச்சாங்க?"

"முகத்துல தெரிஞ்சுது சார்."

"சிலைங்க அது!"

"ஆமா சார். அதான் லேசாத் தெரிஞ்சுது."

பொறியாளர் எல்லாவற்றையும் அடித்து 'பதில் இல்லை' என்று திருத்தினார். பாதகமில்லை. அந்தச் சாமிகளுக்கெல்லாம் கமிட்டி இருந்தது. கமிட்டிக்காரர்கள் சால்வை, மனு, வக்கீல் சகிதம் வந்து மாற்று இடம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மிஞ்சியது ஒரு கல். ஒரு நூற்பாலையின் பக்கத்து வளைவில், முழங்கால் உயரத்தில் நின்றது. அதற்கு முகமில்லை, பெயரில்லை, கமிட்டியில்லை. கும்பிடுவதற்கு ஒரே ஒருத்தி இருந்தாள். பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் முத்தம்மாள். தினமும் வேலைக்குப் போகும் வழியில் ஒரு பூவை வைப்பாள். பட்டுக்கு வழியில்லாததால் வெள்ளிக்கிழமை தோறும் புது பேண்டேஜ் துணியைச் சுற்றிவிடுவாள். தூரத்தில் வரும் லாரிக்காரனுக்கு, அடிபட்ட யாரோ கட்டுப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். அந்த வளைவில் ஒரு விபத்துகூட நடந்ததாக எங்கள் பத்திரிகையில் செய்தி வந்ததில்லை. விபத்துச் செய்தி எழுதுகிறவன் நான்தான்.

நோட்டீஸில் ஆக்கிரமிப்பாளர் பெயர் எழுத ஓர் இடம் உண்டு. அண்ணாச்சி அதைக் காட்டி, பெயர் தெரியாமல் சார்வு செய்ய, அதாவது உரியவர் கையில் சேர்க்க, முடியாது என்றார்.

"அதுக்குத்தான் 'உரியவர் எவருமில்லை'ன்னு எழுதச் சொல்றேன். நாளன்னைக்கு பொக்லைன் வருது" என்றார் பொறியாளர்.

"ஆளு இருக்கும்போது இல்லைன்னு எழுத ஏலாது சார்."

"யாருங்க இருக்கா அங்க?"

"அதத்தான் கேட்டுட்டு வாரேன்."

"எழுதலைன்னா மெமோ குடுப்பேன். ரிடையராக எட்டு மாசம்தான் இருக்கு. பென்ஷன்ல கை வைக்காதீங்க."

அண்ணாச்சி நோட்டீஸை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு மொபெட்டை உதைத்தார். நானும் என் வண்டியில் பின்னால் போனேன்.

முத்தம்மாள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. "லாரில அள்ளிருவாகளா அண்ணே? எம்மவன் காய்ச்சல்ல கெடந்து, டாக்டரே கைய விரிச்ச அன்னைக்கு, இங்கனதான் வந்து நின்னேன். எனக்கு வேற சாமி பழக்கமில்ல."

"பேரு என்னன்னு சொல்லு தாயி. பேரு இருந்தா எடம் வாங்கிப்புடலாம்."

"பேரு தெரியாதே."

"பொறவு எப்படிக் கூப்புடுவ?"

"கூப்புட்டதில்லண்ணே. எப்பவும் இங்கனதான இருக்கு."

அண்ணாச்சி கல்லுக்கு எதிரே மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நோட்டீஸை மடியில் விரித்து, பேனாவைத் திறந்தார். மில் இயந்திரங்களின் இரைச்சல் எப்போது நின்றது என்று என்னால் சொல்ல முடியாது. நின்றுவிட்டது என்று தெரிந்தபோது என் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. கல்லில் சுற்றியிருந்த துணி, காற்றே இல்லாத அந்த உச்சி வெயிலில், மெல்ல உப்பி மெல்ல அடங்கியது. மூன்று முறை. மூச்சு விடுகிற மாதிரி என்று எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். எனவே உப்பி அடங்கியது என்று மட்டும் சொல்கிறேன்.

அண்ணாச்சி எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'தனிச்சி' என்றிருந்தது.

"யாரு சொன்னா?"

"அவியதான்."

முத்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலயே அண்ணே."

"நோட்டீஸ் ஒனக்கு இல்லைலா தாயி" என்றார் அண்ணாச்சி.

அலுவலகத்தில் ஒரு காகிதத்துக்கு எண் விழுந்துவிட்டால் அதைப் பிரம்மாவாலும் எடுக்க முடியாது. பெயரோடு வந்த நோட்டீஸுக்கு எண் விழுந்தது. பொக்லைன் தள்ளிப்போனது. 'தனிச்சி என்பவர் செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு நேரில் ஆஜராக வேண்டும்' என்று விசாரணையும் குறிக்கப்பட்டது. அன்றைக்கு யாரும் வரவில்லை என்று எழுதி முடித்துவிட்டு, மெமோவையும் கொடுத்துவிடலாம் என்று பொறியாளர் கணக்குப் போட்டிருந்தார். மெமோ டைப் அடித்துத் தயாராக மேஜையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி. அண்ணாச்சி வராந்தாவுக்குப் போய், கோர்ட் டவாலி மாதிரி, மூன்று முறை கூப்பிட்டார்.

"தனிச்சி! தனிச்சி! தனிச்சி!"

பொறியாளர் அறையின் அரைக்கதவு உள்பக்கமாகத் திறந்தது. ஓர் ஆள் நுழையும் நேரம் அப்படியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது. அண்ணாச்சி வெளியே கதவுக்கு நான்கடி தள்ளி நின்றிருந்தார். நான் பார்த்தேன். அவர் அதன் பிறகே உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, பெண்கள் உட்காரும்போது ஆண்கள் ஒதுங்குவதுபோல ஒதுங்கி நின்றார். முத்தம்மாளும் வந்தாள். இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். அவள் உட்காரவில்லை.

'ஆஜராகவில்லை' என்று எழுதப் பொறியாளர் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜை மின்விசிறியைத் தன் பக்கத்திலிருந்து நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்தார்.

ஏன் அப்படிச் செய்தார் என்று பல மாதம் கழித்துக் கேட்டேன். "வேர்த்துச்சு" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

"என்ன வேணுமாம்?" அவர் குரல் பாதியாக இறங்கியிருந்தது.

அண்ணாச்சி முத்தம்மாளைப் பார்த்தார்.

"மில்லுக்குப் பின்னாடி வேப்பமரத்தடி பொறம்போக்குல ரெண்டடி எடம் போதும் சார். நான் வேலைக்குப் போற வழி" என்றாள் அவள்.

பொறியாளர் தன் கையாலேயே எழுதினார்: 'எதிர்தரப்பு நேரில் ஆஜர். மாற்று இடம் கோரினார். வழங்கலாம்.' மெமோவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கல்லைப் பெயர்த்த காலையில் முத்தம்மாள் தலை முதல் அடிவரை புது பேண்டேஜ் துணி சுற்றிவிட்டாள். நான்கு பேர் தூக்கினார்கள். அடியில் பெயர் ஏதாவது வெட்டியிருக்கிறதா என்று பொறியாளர் உட்பட எல்லோரும் குனிந்து பார்த்தோம். வழவழவென்று வெறும் கல். நான் குழிக்குள் கையை வைத்துப் பார்த்தேன். வெயில் படாத அந்த மண், சற்று முன்வரை ஒருவர் உட்கார்ந்திருந்த இடம்போல வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

வேப்பமரத்தடியில் வைத்து முடித்ததும் முத்தம்மாள் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "தனிச்சி, இனிமே இதுதான் ஒனக்கு எடம். எங்கயும் போயிராத." சொல்லிவிட்டு, அழுதுகொண்டே வேலைக்கு ஓடினாள்.

அண்ணாச்சி முழுப் பென்ஷனோடு ஓய்வு பெற்றுவிட்டார். அவ்வப்போது பார்க்கிறேன், டீ குடிக்கிறோம். அந்தப் பெயர் உண்மையிலேயே அவர் காதில் விழுந்ததா என்று கேட்க ஒவ்வொரு முறையும் நாக்கு நுனிவரை வரும். கேட்டதில்லை. கேள்வி கேட்டே பிழைப்பவன் நான். ஆனாலும் ஒன்று மட்டும் நிச்சயம். பென்ஷனைப் பணயம் வைத்து அவரே சொந்தமாக வைத்த பெயர்தான் என்று தெரிந்துவிட்டால், அவரை எனக்கு இன்னும் அதிகமாகப் பிடித்துப்போய்விடும்.