நாலாவது மாடிப் படிப்பு

ஐஸ் கட்டி ஊரிகம் ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் பாதியாகிவிட்டது. கோணிப்பைக்குள் மரத்தூளைக் கொட்டி, நடுவில் ஐஸை வைத்து, இன்னொரு கோணியால் சுற்றித்தான் சைக்கிள் கேரியரில் கட்டியிருந்தார் பெருமாள். அப்படியும் அது வழிநெடுகச் சொட்டிக்கொண்டே வந்தது. சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் அவர் இறங்கியபோது ஒரு தலையணை அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது.

"இன்னாங்க இது?" என்றாள் அவர் மனைவி பார்வதம்மா.

"பையன் படிப்புக்கு."

"படிப்புக்கு நோட்டு வாங்குவாங்க, பேனா வாங்குவாங்க. நீங்க ஐஸ் கட்டி வாங்கினு வந்து நிக்கிறீங்களே!"

"உனுக்கு இன்னா தெரியும்? கம்ப்யூட்டர் இன்ஜினியர்னா குளிர்ல செய்ற வேலை."

இந்த ஞானம் பெருமாளுக்கு வந்தது லாரி டிரைவர் இன்பராஜ் மூலமாக. எழுபத்தெட்டாம் வருஷம் தங்கவயல் முழுக்கத் தேடினாலும் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவன் அவன் ஒருவன்தான் கிடைப்பான். பெங்களூரில் ஏதோ ஓர் ஆபீசில் கண்ணாடிக் கதவு வழியாக அரை நிமிஷம் எட்டிப் பார்த்திருந்தான்.

"நாலு பீரோ சைசுக்குக் கீது ண்ணா. அதுக்கு வேர்க்கவே கூடாதாம். உள்ள போறவன்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கினு போறான்" என்று சொல்லியிருந்தான்.

அன்றிலிருந்து பெருமாளுக்குப் பகலிலேயே கனவு வர ஆரம்பித்தது. இருபத்தாறு வருஷமாகச் சுரங்கத்தில் இறங்கி ஏறுகிற மனிதர். கீழே பாறை தகிக்கும். சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, தலை விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை மூடுவார். உடனே ஒரு பெரிய கட்டடம் தெரியும். அதன் நாலாவது மாடியில் ஒரு ஜன்னல். ஜன்னலோரம் அவர் மகன் நாகேஷ், வெள்ளைச் சட்டையும் நீல ஸ்வெட்டருமாக. அவன் பின்னால் நாலு பீரோக்கள் சத்தமில்லாமல் யோசித்துக்கொண்டிருக்கும். மேகம் அவன் தோள் உயரத்துக்கு வந்து, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல் நின்றுவிட்டுப் போகும்.

"பெருமாளு, ரசம் கொட்டுதுய்யா" என்று பக்கத்து ஆள் தட்டினால்தான் விழிப்பார்.

கனவோடு நிற்கவில்லை அவர். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் அஞ்சு வருஷப் படிப்புக்குத் திட்டம் போட்டார். வாழ்நாள் பூராவும் சுரங்க வரைபடத்தில் கீழே இறங்குகிற கோடுகளையே பார்த்தவர், முதல் தடவையாக மேலே ஏறுகிற கோடு ஒன்றைப் போட்டார். முதல் வருஷம் தரைத்தளம். ரெண்டாம் வருஷம் முதல் மாடி. இப்படியே ஏறி அஞ்சாம் வருஷம் நாலாவது மாடி, அங்கே கம்ப்யூட்டர். பையன் சீட் கேட்டிருந்த பெங்களூர் காலேஜ் கட்டடத்துக்கு நாலு மாடி என்று விசாரித்து வைத்திருந்தார். மற்றதெல்லாம் அவராகக் கட்டிக்கொண்டது.

சீட் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அந்தத் தாளின் அடியில் எழுதியிருந்தார். ஒரே வரி. 'ஆடி மாசம் டோக்கன்.' பையனின் பெயரைக் கம்பெனியில் வாரிசு வேலைக்கு எப்போதோ பதிந்தாகிவிட்டது. ஆடி பிறந்தால் நாகேஷும் ஷிப்ட்டுக்குப் போய், ஆள் கணக்குக்கு டோக்கன் வாங்கி, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி, பூமிக்கு அடியில் இறங்க வேண்டியதுதான். அந்த வரி கண்ணில் படாமல் பெருமாள் தாளின் அடியை மடித்து வைத்தார். அவருடைய அப்பா அப்படி இறங்கினவர். அண்ணன் இறங்கி ஒருநாள் திரும்பி வராதவர். தன் பிள்ளை தரைக்குக் கீழே ஓரடிகூட இறங்கக் கூடாது என்று அவர் சாமி படத்துக்கு முன்னால் சொல்லியிருந்தார்.

ஆகவே ஐஸ்.

"அடி லெவலுக்குப் போற புது ஆளை ஒரேயடியா சூட்டுல எறக்க மாட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா பழக்குவாங்க. அதே மாதிரி இவனைக் குளிர்ல பழக்கணும்" என்று மனைவிக்கு விளக்கினார். "இன்டர்வியூக்கு எட்டு நாள்தான் கீது."

பார்வதம்மா கோணியைப் பிரித்தாள். "அவன் கேஜ்ல ஏறாம இருந்தா செரி. ஐஸ்ல உருண்டாலும் பரவால்ல" என்றாள்.

நாகேஷ் மட்டும், "நைனா, இன்டர்வியூல கணக்குதான் கேப்பாங்க" என்று சொல்லிப் பார்த்தான். யார் கேட்டார்கள்?

கட்டிலுக்கு அடியில் அலுமினியத் தொட்டி. தொட்டியில் ஐஸ். சோடாக் கடையில் இரவல் வாங்கிய டேபிள் ஃபேன் ஐஸ்மேல் அடித்தது. நாகேஷ் வெள்ளை வேட்டியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு மல்லாந்து, கண்ணை மூடி வாய்பாடு மாதிரி ஃபார்முலா சொல்லிக்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டு ஐடா வாசலில் மரத்தூளைப் பார்த்தாள். சொட்டுகிற கோணியைப் பார்த்தாள். லைனில் ஒரு வீட்டுக்கு ஐஸ் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்; வெளியூர்ச் சொந்தம் வந்து சேரும்வரை செத்தவர் உடம்பு கெடாமல் தாங்க வேண்டும். அவள் மெதுவாக ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். வெள்ளைத் துணியும் மூடிய கண்ணும் தெரிந்தன.

"ஐயோ, பார்வதம்மா! உன் ஒரே புள்ளையாச்சே!"

கால் மணி நேரத்தில் லைன் முழுக்க வாசலில் திரண்டுவிட்டது. பெண்கள் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தார்கள். இன்பராஜ் ஷிப்ட்டு லாரியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு மாலையோடு ஓடி வந்தான். யாரோ பறைக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"யாரும் சாவலை! பையன் படிக்கிறான்!" என்று கத்தினார் பெருமாள்.

"பாவம், மூளை கலங்கிப்போச்சி. நீ உக்காருண்ணா" என்று இன்பராஜ் அவரைப் பிடித்து உட்கார வைத்தான்.

அந்த நேரம் பார்த்து நாகேஷ் எழுந்து உட்கார்ந்து ஒரு தும்மல் போட்டான். ஐடா அலறிக்கொண்டு பின்னால் சாய, அவளைத் தாங்கப் போனவர்கள் தொட்டியில் இடற, ஐஸ் தண்ணீர் தடுப்புச் சுவருக்கு அடியில் புகுந்து ஐடா வீட்டு அரிசி மூட்டையை நனைத்தது. அழுகை சண்டையாக மாறியது. சண்டை ஓயும் நேரத்தில் பறை வந்து சேர்ந்தது. கொண்டுவந்த மாலையை யார் திருப்பி எடுத்துப் போவது என்று தெரியாமல், இன்பராஜ் அதை மிச்சமிருந்த ஐஸ்மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் நாகேஷுக்கு ஜலதோஷம். அதற்கு மறுநாள் காய்ச்சல். காய்ச்சலைப் போக்கப் பெருமாள் கம்பளி மேல் கம்பளியாகப் போர்த்தி, ஆவி பிடிக்க வைத்தார். குளிர் பழகிய உடம்பு உஷ்ணம் தாங்காததில் தொண்டை கட்டிக்கொண்டது. எட்டாம் நாள், காலேஜ்காரர்கள் ஜில்லா ஆபீசில் நடத்திய இன்டர்வியூவுக்குப் போனபோது பையன் காதுவரை மப்ளர் கட்டியிருந்தான். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த பெருமாளுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆடி மாசம் கண்ணெதிரே வந்து நின்றது.

அரைமணி கழித்து நாகேஷ் வெளியே வந்தான்.

"இன்னாடா கேட்டாங்க?"

"ஒடம்புக்கு இன்னான்னு கேட்டாங்க" என்றான், காற்றோடு காற்றாக. "ஐஸ் கதையைப் பூரா எழுதிக் காட்னேன். பிரின்சிபால் கண்ல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு."

"போச்சா?"

"அப்புறம் ஒரு கணக்கு குடுத்தாரு. போட்டேன். 'இதுவரைக்கும் வந்ததுல மெஷினுக்குக் குளிர் வேணும்னு தெரிஞ்சிக்கினு வந்தவன் நீ ஒருத்தன்தான்'னாரு. சீட்டு குடுத்துட்டாரு நைனா."

பெருமாள் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதார். வாய்விட்டுத்தான் அழுதார், வெட்கப்படவில்லை. ஊருக்குத் திரும்பியதும் ஐடா வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி இறக்கினார். கம்பெனி ஆபீசுக்குப் போய், வாரிசு வேலைப் பட்டியலிலிருந்து பையன் பெயரைத் தன் முன்னாலேயே அடிக்கச் சொல்லி, அடித்த கோட்டை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

காலேஜ் திறந்த அன்று அப்பாவும் மகனும் டிரங்குப் பெட்டியோடு பெங்களூரில் இறங்கினார்கள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கட்டடத்தின் முன்னால் நின்று பெருமாள் அண்ணாந்து பார்த்தார். நிஜமாகவே நாலு மாடிகள். நிஜமாகவே மேலே ஒரு மேகம். நாலாவது மாடியில் மூலை ஜன்னல் ஒன்று திறந்திருந்தது. அதுதான் என்று அவர் மனசு சொல்லிற்று. அங்கிருந்து பார்த்தால் தங்கவயலே தெரியும்போல் இருந்தது அவருக்கு.

படியில் உட்கார்ந்திருந்த பியூன் மாணிக்கராஜிடம் போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏம்பா, கம்ப்யூட்டர் ரூம் அந்த மூலை ஜன்னல்தானே?"

மாணிக்கராஜ் மேலே பார்க்கவே இல்லை. கையில் இருந்த பட்டியலைப் புரட்டினான்.

"மாடியா? அதுக்கு வெயில் ஆவாது பெரியவரே, பூமிக்கு அடியில ரெண்டாள் ஆழத்துல வெச்சிக்கிறாங்க. மொத வருசப் பசங்களுக்கு நைட் ஷிப்ட்டு, கீழ எறங்கறதுக்கு முன்னாடி உங்க பையனை மறக்காம டோக்கன் வாங்கிக்கச் சொல்லுங்க."