புற்றுமண் முற்றம்

சங்கரன்கோவில் ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்த்த எவரும் சல்லடையாரைப் போல மண்ணைக் கவனித்ததில்லை. இந்தத் தாலுகாவிலேயே, உழுது பிழைக்கும் சம்சாரிகளையும் சேர்த்து, எவரும் கவனித்ததில்லை என்று எழுதினாலும் தப்பில்லை. மண்ணைக் கண்டால் சம்சாரி அதில் என்ன விளையும் என்று பார்ப்பார். இவர் அது பொம்மை ரயிலுக்குப் பக்கத்தில் எப்படித் தெரியும் என்று பார்ப்பார்.

பார்சல் ஆபீஸ் குமாஸ்தா அவர். சட்டைப் பையில் எந்நேரமும் உள்ளங்கை அகலத்தில் ஒரு சல்லடை இருக்கும். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. நான் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அன்றன்று நடப்பதை டைரியில் குறித்து வைப்பது என் வழக்கம். அந்த மூன்று வருஷ டைரியில் பாதி இவர்தான்.

ஸ்டேஷனின் பழைய விளக்கு அறையில், கழற்றிப் போட்ட கதவு ஒன்றைப் படுக்கவைத்து, அதன்மேல் எங்கள் ஸ்டேஷனையே சின்னதாகச் செய்துகொண்டிருந்தார். தண்டவாளம் குடைக்கம்பி. எஞ்சினும் நாலு பெட்டிகளும் மண்ணெண்ணெய் டின் தகரம். ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு தீக்குச்சி. தையல் மெஷின் சக்கரத்தைச் சுற்றினால் கயிறு இழுக்க, ரயில் ராஜபாளையம் பக்கமிருந்து வந்து தென்காசிப் பக்கம் போகும். இவ்வளவும் ஆறு மாதத்தில் முடிந்தது. மிச்சம் இரண்டரை வருஷமும் தரைக்கே போனது.

முதலில் மரத்தூளில் பச்சைச் சாயம் ஏற்றித் தூவினார். மரத்தூள் மர அறுவைக்காரரிடம் சும்மா கிடைத்தது. சாயம், நெசவுக்காரர் வீடுகளில் நூலை முக்கி எடுத்த பிறகு கீழே கொட்டும் தண்ணீர். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் மாடசாமி எட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது எந்த ஊரு?"

"நம்ம ஊருதாம்லே."

"நம்ம ஊர்ல இம்புட்டுப் பச்சைய எங்கன பாத்திய? ஆடெல்லாம் செத்துப் போச்சா?"

அன்றைக்கே சுரண்டி எடுத்துவிட்டார். அடுத்து ஓடை மணல். அதை ஒரு நாள் முழுக்கக் குனிந்து பார்த்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"ஒவ்வொரு மணலும் மனுசன் தலை தண்டி கெடக்கு வே. மாஸ்டர் தடுக்கி விழுந்துருவாரு."

அதுவும் போயிற்று. கரிசல் காட்டுக்கு, டீக்கடையில் வடித்துப் போட்ட தூளை வாங்கிக் காயவைத்துச் சலித்தார். இவர் அதில் மறுபடி டீ போட்டு விற்கப் போகிறார் என்று நினைத்து, கடைக்காரர் ஒரு வாரம் தூளைத் தராமல் ஒளித்து வைத்தார். காய்ந்த புல்லுக்கு மஞ்சள் கரைசலில் ஊறிய மரத்தூள். எல்லாவற்றையும் கஞ்சி பூசி ஒட்டினார். எறும்புகள் குடும்பத்தோடு வந்து, இரண்டே நாளில் குருவிகுளம் வரைக்கும் இருந்த கரிசலைத் தூக்கிப் போய்விட்டன. பிறகு வேலம்பிசினைக் கரைத்துப் பூசினார். அது நின்றது.

ஸ்டேஷன் முற்றத்துக்குத்தான் எந்த மண்ணும் ஒத்து வரவில்லை. ஒருநாள் டிக்கெட் வாங்கிய ஒருவரின் மடியிலிருந்து பொட்டலம் நழுவி, என் மேஜையில் கொஞ்சம் புற்றுமண் சிந்தியது. எங்கள் கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். சீக்குத் தீர நெற்றியில் இடுவார்கள், ஒரு சிட்டிகை வாயிலும் போடுவார்கள். சல்லடையார் அதை விரலில் தேய்த்துப் பார்த்தார். சலிக்கவே வேண்டியதில்லை.

மறுநாளிலிருந்து ரயில் நேரத்துக்கு வாசலில் நின்று கையை நீட்டினார்.

"ஒரு சிட்டிகை புத்துமண் தாங்கம்மா."

"உடம்புக்கு என்னய்யா செய்யுது?"

"எனக்கில்ல, ஸ்டேஷனுக்கு."

அந்த அம்மாள் கட்டடத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டு சிட்டிகையாகக் கொடுத்தாள்.

அப்போதுதான் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு செய்தி சொன்னார். கோவிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார். பொம்மை ஸ்டேஷன் அவருக்குப் பிடித்துவிட்டால் பயணிகள் கூடத்தில் நிரந்தரமாக இடம். பிடிக்காவிட்டால் விளக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். கதவு அடுப்புக்குப் போகும். சல்லடையார் கொண்டு வந்த தூக்குச்சட்டியை அன்று திறக்கவே இல்லை.

தபசன்று காலையில் முற்றத்தில் பிசின் பூசி, கனமாகப் புற்றுமண் தூவி, காயவிட்டிருந்தார். மத்தியானம் தூறல் விழுந்தது. ரயிலுக்கு நின்ற கூட்டம் விளக்கு அறைக்குள் ஒதுங்கியது. காய்ச்சல் கண்ட பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி கேட்டாள்.

"இது என்ன மண்ணுய்யா?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். "கோவில் புத்துமண்ணும்மா."

அவள் ஒரு சிட்டிகை எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் பூசினாள். பின்னால் நின்றவர் தன் முழங்காலுக்கு எடுத்தார். அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. நான் ஜன்னலை அடைத்துவிட்டு ஓடிப் பார்த்தேன். வரிசையை நேராக்க முடிந்தது, நிறுத்த முடியவில்லை. ரயில் வந்தபோது முற்றத்தில் பிசினோடு ஒட்டிய அடிமண் மட்டும் மெல்லிசாகக் கிடந்தது. அங்கங்கே கதவின் பலகை தெரிந்தது.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா வே?" என்று கத்தினேன்.

"எப்படிச் சொல்ல? நான் கை நீட்டினப்ப ஒருத்தராவது இல்லேன்னு சொன்னாவளா?"

மறுநாள் அதிகாரி வந்தார். கரிசலைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், முற்றத்தில் கண் நின்றது. மிச்ச மண் முழுக்க, ஈரப் பிசினில் விரல் பதிந்த சின்னச் சின்னக் குழிகள். நிமிர்ந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அங்கே நிஜ முற்றம், தபசுக் கூட்டம் மிதித்துச் சேறாகி, குழி குழியாகக் கிடந்தது. மறுபடி கதவின் மேலிருந்த முற்றத்தைப் பார்த்தார்.

"நேற்று மிதிபட்ட தரையை இன்றைக்கே இவ்வளவு தத்ரூபமாக எப்படிச் செய்தீர்?"

"நான் செய்யலங்க ஐயா. ஜனங்க செஞ்சாங்க."

அடக்கம் என்று அதிகாரி எடுத்துக்கொண்டார். கூடத்தில் இடம் கிடைத்தது. கண்ணாடிப் பெட்டி செய்து தரவும் முன்வந்தார்கள். இவர் வேண்டாம் என்றுவிட்டார். "கண்ணாடி போட்டா எப்படி வே எடுப்பாவ?" ஒவ்வொரு தபசுக்கும் முற்றம் காலியாகும். மறுநாள் இவர் வாசலில் கை நீட்டி நிற்பார்.

சில வருஷம் கழித்து ரிடையராகித் தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குப் போனார். அடுத்த மாசியில் அங்கிருந்து, ஓரத்தில் கறுப்பு மை பூசிய ஒரு கார்டு வந்தது. மகள் எழுதியிருந்தாள். அதை டைரிக்குள் வைத்தேன். அன்றைய பக்கத்தில் வேறு எதுவும் எழுதவில்லை.

அந்த வருஷத் தபசுக்கு மறுநாள், ஜன்னலை அடைத்துவிட்டு வாசலில் போய் நின்று கையை நீட்டினேன்.

"உடம்புக்கு என்னய்யா செய்யுது?" என்றாள் ஒருத்தி.

"எனக்கில்ல" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பொட்டலத்தை முழுசாக என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.