ஒரு பை ரத்தமும் ஓர் ஏணியும்

"யாரை வேணும்னாலும் கூப்பிடு, நீ மட்டும் ஊசிக்குக் கையை நீட்டாதே. பேசாம உன் தம்பியைக் கேளு."

"அவன் முதல்ல என் ஏணியைக் கொண்டுவந்து வைக்கட்டும்."

"ஏணியை அவன்கிட்ட கேட்டியா?"

"என் பொருளை நான் எதுக்குக் கேக்கணும்?"

திங்கட்கிழமை மனைவி நெலிடாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவளோடு நடந்த பேச்சு அது. வியாழக்கிழமை காலை ரத்த வங்கி வரிசையில் நின்ற வென்செஸ்லாவோவின் காதில் அது இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது.

லீமாவின் அந்த ஆஸ்பத்திரியில் கத்தி வைப்பதற்கு முன், இரண்டு பேர் ரத்தம் கொடுத்த சீட்டைக் காட்ட வேண்டும். ஆள் பிடிப்பது குடும்பத்தின் வேலை. ஒரு சீட்டு நெலிடாவின் தங்கையால் வந்துவிட்டது. இன்னொன்று இன்று பன்னிரண்டு மணிக்குள் வராவிட்டால் நாளைய அறுவைச் சிகிச்சை ரத்து. அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான். கருப்பைக் கட்டியால் மாதாமாதம் ரத்தம் போய், நெலிடா துவைத்த துணியைப் போல வெளுத்திருந்தாள். மூன்று மாதம் தாங்குவாளா என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

செவ்வாயன்று மச்சான் அனிபாலைக் கூட்டி வந்தான். மச்சான் சட்டையைக் கழற்றினான். தோளில் அவனுடைய கால்பந்து அணியின் சின்னம், பச்சை குத்தி மூன்று வாரம். ஒரு வருடம் போகட்டும் என்று நர்ஸ் கிளெமென்ட்டினா அனுப்பிவிட்டாள். ஒரு கோப்பைகூட ஜெயிக்காத அணிக்குத் தோலைக் கொடுத்தாயே என்று வென்செஸ்லாவோ வழியெல்லாம் திட்டினான்.

புதனன்று ரொட்டிக் கடைக்காரர் எலூதேரியோ. இவரையாவது தெம்பாக அனுப்ப வேண்டும் என்று விடிகாலையிலேயே ரொட்டிக்குள் பொரித்த பன்றிக்கறியை அடைத்து மூன்று கொடுத்தான். நல்ல காரியத்துக்கு லீமாவில் வேறென்ன கொடுப்பார்கள்? சோதனைக் குழாயின் மேற்பாதி பால் மாதிரி நின்றது.

"நான் ரத்தம் கேட்டேன். நீங்க கொழுப்பைக் கொண்டுவந்திருக்கீங்க," என்றாள் நர்ஸ். லேசான சாப்பாடும் நிறையத் தண்ணீரும் போதும் என்று முதல் நாளே சொல்லியிருந்தாளாம்.

ஆகவே வியாழனன்று அவனே வந்தான். படிவத்தில் 'முன்பு மயங்கியதுண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினான். பதினோரு வருடத்துக்கு முன் அந்த ஏணியில் மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியைச் சரிசெய்தபோது சுத்தியல் கட்டைவிரலில் பட்டது. ஒரே ஒரு சொட்டு ரத்தம். அதைப் பார்த்துச் சுருண்டு விழுந்தவனை எழுப்பியது நெலிடா. அதே வாரம்தான் தம்பி ஃபோர்த்துனாத்தோ ஏணியை இரவல் வாங்கிப் போனான். திருப்பித் தரவில்லை. அத்தோடு அண்ணன் தம்பி பேச்சும் நின்றது.

பையைப் பார்க்காதீர்கள் என்றாள் நர்ஸ். அவன் பார்த்தான்.

கண் விழித்தபோது கால்கள் தலையணைமேல் இருந்தன. பை பாதிதான் நிரம்பியிருந்தது. அது எதற்கும் உதவாது. பழச்சாற்றைக் குடித்துவிட்டுக் கால்மணி நேரம் படுத்திருக்கச் சொன்னாள். வேறு ஆளைப் பிடிக்க வேண்டுமே என்று அவன் சடாரென எழுந்தான். இரண்டாவது அடியில் மறுபடி விழுந்தான். நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம்.

"இந்த மயக்கம் தானா சரியாப் போயிடும். பொய் எழுதிட்டு, படுக்கச் சொன்னா எழுந்து ஓடினா மண்டைதான் உடையும்," என்று சொல்லிப் பனிக்கட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

பதினொன்றரை. கூரையைப் பார்த்தபடி வென்செஸ்லாவோ சத்தமில்லாமல் அழுதான். அவனால் ஒரு பையைக்கூட நிரப்ப முடியவில்லை. கடைசியில் கைபேசியை எடுத்தான். பதினோரு வருடமாகத் தொடாத எண்ணை அழுத்தினான்.

பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஒரு கைபேசி ஒலித்தது.

"ஃபோர்த்து... நெலிடாவுக்கு ரத்தம் வேணும். கொஞ்சம் வாடா."

பதில் கைபேசியிலும் வந்தது, திரைக்குப் பின்னாலிருந்தும் வந்தது.

"வந்து பத்து நிமிஷமாச்சு, அண்ணா. அண்ணிதான் கூப்பிட்டாங்க. நான் பையைப் பாக்கல."

வென்செஸ்லாவோ திரைப் பக்கம் திரும்பினான். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தான். பதினோரு வருடமாகத் தொண்டையில் உட்கார்ந்திருந்தது முந்திக்கொண்டது.

"என் ஏணியை எப்படா தருவே?"

திரை ஓரம் கொஞ்சம் விலகியது.

"அதை மட்டும் கேக்காதே, அண்ணா. நீ மாடியில மயங்கி விழுந்த மறுநாளே, 'இரவல்னு வாங்கிட்டுப் போ, எந்தக் காலத்துலயும் திருப்பித் தராதே'ன்னு அதை என் தோள்ல தூக்கி வெச்சதே அண்ணிதான்."