என் பின்னால் ஒரு மின்விசிறி

கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டே தனியாக இருப்பதில் மொழிபெயர்ப்பாளனை மிஞ்ச ஆள் கிடையாது. (கல்யாண வீட்டு போட்டோகிராபர் சண்டைக்கு வரலாம்.) நாளெல்லாம் பேசுவேன்; ஒரு வாக்கியம்கூட என்னுடையதாக இருக்காது. மனைவியும் மகளும் மதுரையில். நான் திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டைப் பக்கம் ஒற்றை அறையில், பார்சல் தோசையோடு.

வித்துராவுக்கு மேலே மலையில் வாழும் காணிப் பழங்குடி மக்களின் சங்கத்துக்கும், நியூசிலாந்திலிருந்து வந்திருந்த மாவோரிப் பூர்வகுடிச் சங்கத்துக்கும் ஒப்பந்தம். தங்கள் மொழியிலேயே பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவதை மாவோரிகள் காணிகளுக்குக் கற்றுத்தருவார்கள். நகரத்தில் ஒரு ஹாலில் கையெழுத்து விழா. இரு தரப்புக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளன் நான்.

"எங்க பிள்ளைங்க எங்க பேச்சில படிக்கணும், சாரே. மரியாதைக் குறைவா ஒண்ணும் ஆகப்பிடாது கேட்டோ" என்றார் காணிச் சங்கச் செயலாளர் ஓமனா சேச்சி.

"நான் இருக்கேன் சேச்சி!" என்றேன். (வினை அங்கேதான் ஆரம்பம்.)

மாவோரிகளிடம் ஒரு வழக்கம். ஒருவர் பேசி முடித்ததும் அவருடைய ஆட்கள் பின்னால் எழுந்து நின்று பாட வேண்டும். பாட்டு இல்லாத பேச்சு அரைப் பேச்சு. இதை ஊருக்கெல்லாம் விளக்கியவன் நான்தான்.

"உங்களுக்கு ஆரு பாடும், சாரே?" என்று சேச்சி அப்போதே கேட்டார்.

"எனக்கெதுக்குப் பாட்டு? நான் வெறும் குழாய், சேச்சி."

விழாவில் பேச்சும் பாட்டும் அருமையாகப் போயின. கையெழுத்துக்கு முன்னால் மாவோரிப் பெரியவர் ஹேமி என் பக்கம் திரும்பினார். "நம் சொற்களை இத்தனை நாளும் சுமந்தவர் இவர். இவரும் பேசட்டும்."

எதையோ உளறி நன்றி சொன்னேன். உட்காரப் போனால், ஹால் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் பார்த்துக் காத்திருந்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். ஒரு ஸ்டாண்ட் ஃபேன். அது தலையை இடமும் வலமும் ஆட்டி, "நான் பாடமாட்டேன்" என்றது.

குளியலறையில் நூறு பாட்டுப் பாடுகிறவனுக்கு ஒரு வரி வரவில்லை. ஹேமி எழுந்து நின்றே காத்திருந்தார். கடைசியில் தொண்டையிலிருந்து கிளம்பியது, ஒன்றாம் வகுப்பு ராகத்தில்:

"ஓரெண்டு ரெண்டு… ஈரெண்டு நாலு…"

ஆமாம், வாய்ப்பாடு.

மூரெண்டு ஆறில் முதுகுக்குப் பின்னால் புடவைச் சரசரப்பு. ஓமனா சேச்சி! "நிறுத்தாதீங்க, சாரே" என்று கிசுகிசுத்துவிட்டுக் கூடவே பாடினார். காணிகள் எல்லோரும் எழுந்து வந்தார்கள். என் பின்னால் அத்தனை பேர் நின்று அதற்குமுன் நான் பார்த்ததில்லை. ரேஷன் கியூ தவிர. எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் பதினாறெண்டு முப்பத்திரண்டு வரை போய்விட்டேன்.

ஹேமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன பாட்டு இது?"

"ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும்… பெருகுவதைப் பற்றி எங்கள் பெரியவர்கள் பாடியது" என்று மொழிபெயர்த்தேன். (பொய்யென்று நிரூபியுங்கள் பார்ப்போம்.)

கையெழுத்தானது. மலையில் பள்ளி நடக்கிறது. இரண்டு சங்கங்களின் வீடியோ கூட்டமும் இன்றுவரை இரண்டாம் வாய்ப்பாட்டோடுதான் தொடங்குகிறது. கடலுக்கு அப்பால் பயபக்தியோடு எழுந்து நிற்கிறார்கள்.

இதை வீட்டில் சொல்லித் தொலைத்தேன். இப்போது சாயங்காலம் போன் செய்து, "சாப்பிட்டேன், நல்லாத்தான் இருக்கேன்" என்று நான் முடித்ததும், மதுரையிலிருந்து மனைவியும் மகளும் கோரஸாக, "ஓரெண்டு ரெண்டு…"

பதினாறு வரை விடமாட்டார்கள். தோசை ஆறிப்போகும். நானும் போனை வைப்பதில்லை.