புண்ணியத்துக்குக் குச்சி போட்ட மேஸ்திரி

மோட்ச வாசலில் ஆளை நிறுத்தி விசாரிக்க ஆண்டவருக்கு ஒரு மனுஷன் தேவைப்பட்டால், அந்த வேலைக்கு ஜொகூர் முழுக்கத் தேடினாலும் ஒரே ஆள்தான் அகப்படுவார். அவர் எங்கள் குச்சி மேஸ்திரி. அவரை வாசலில் உட்கார வைத்தால் உள்ளே கூட்டமே சேராது என்பது வேறு விஷயம்.

அவருடைய நிஜப் பெயர் செக்ரோல் பதிவேட்டில் இருந்தது. அதை எழுதுகிற ஆபீஸ் கிராணி நான்தான். இருந்தும் எனக்கே அது ஞாபகமில்லை. பெக்கோக்கிலிருந்து மாட்டு வண்டியில் ஒன்றரை மணி நேரம் உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். பால்வெட்டுகிறவர்கள் வாளி வாளியாகக் கொண்டுவரும் பாலில் ஒரு மிதவைக் குச்சியைப் போட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது மேஸ்திரியின் உத்தியோகம். ரப்பர் பால் தண்ணீரைவிட லேசு; குச்சி ஆழ இறங்கினால் நல்ல பால். உயர நின்றால் தண்ணீர். பதினெட்டு வருஷம் அதையே பார்த்துப் பார்த்து, எதிரே யார் வந்து நின்றாலும் அவர் கண் மனுஷனின் முகத்துக்குப் போகாமல் கழுத்துக்குக் கீழே எங்கோ அளவுக்கோட்டைத் தேடும். பதினெட்டு வருஷமும் ஸ்டோர் மெஷின் பக்கத்திலேயே நின்றதில் காதும் மந்தம். ரகசியம் பேசினால்கூட தொழிலாளர் வீடுகளில் நாலாவது லயத்தில் குழந்தை விழித்துக்கொள்ளும்.

இந்த மனுஷன்தான் எங்கள் கோயிலுக்கும் பெரிய ஆள். கோயில் என்றால் அத்தாப்பு ஓலைக் கூரை, எட்டு பெஞ்சு, ஒரு மாதா சுரூபம். சாமியார் பிரெஞ்சுக்காரர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரயிலில் வருவார். கிறிஸ்துமஸுக்கு அவருக்கு ஏழெட்டுத் தோட்டம் இருந்ததால் எங்கள் முறை வரும் தேதியில்தான் எங்களுக்குக் குழந்தை சேசு பிறப்பார். ஒரு வருஷம் டிசம்பர் இருபதிலேயே பிறந்துவிட்டார். இன்னொரு வருஷம் வெள்ளத்தில் ரயில் நின்று இருபத்தொன்பதாம் தேதி பிறந்தார். நாங்கள் யாரும் குறை சொன்னதில்லை.

அந்தச் சாமியார் தன் ஊர் வழக்கம் ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருந்தார். திருநாளுக்கு முந்தின நாலு வாரமும் கிறிஸ்துமஸ் குடிலில் தொட்டில் காலியாக இருக்கும். நல்ல காரியம் செய்தவர்கள் ஒரு காரியத்துக்கு ஒரு வைக்கோல் வீதம் அதில் வைக்க வேண்டும். குழந்தைக்கு மெத்தை. எங்களிடம் வைக்கோலுக்கு எங்கே போவது? லாலான் புல்லைக் காயவைத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொரு புல்லோடு வரிசையில் நிற்போம். தொட்டிலுக்கு முன்னால் முக்காலி போட்டுக் குச்சி மேஸ்திரி உட்கார்ந்திருப்பார். அவரை அங்கே உட்காரச் சொன்னது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பெரிய கங்காணி ஒரு கட்டுப் புல்லோடு வந்தார்.

"கோயிலுக்குப் பெரிய விளக்கு வாங்கிக் குடுத்தேன்."

"விளக்குல உன் பேரு வெட்டியிருக்கா?"

"வெட்டியிருக்கு."

"முக்காவாசி தண்ணி. அடுத்த ஆளு!"

அடுத்து ஒரு அம்மாள். ஓரகத்தியோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தவள். "அவள மன்னிச்சிட்டேன் மேஸ்திரி" என்றாள்.

"மனசாரவா?"

"மனசாரத்தான். அந்த மூதேவி மட்டும் மொதல்ல வாயத் தொறந்திருந்தா..."

"தண்ணி."

நானும் போனேன். மழையில் நனைந்து வந்த ஒரு கிழவிக்கு என் குடையைக் கொடுத்திருந்தேன்.

"குடையத் திருப்பி வாங்கிட்டியா தம்பி?"

"வாங்கிட்டேன் மேஸ்திரி."

"எப்ப?"

"மழை வலுத்ததும்."

மேஸ்திரி என் புல்லை வாங்கி முக்காலிக்கு அடியில் போட்டார். அங்கே ஏற்கெனவே ஒரு மாடு தின்னும் அளவுக்குக் குவிந்திருந்தது.

அந்த வருஷம் முதல் ஞாயிறு தேறியது ஒரே ஒரு புல். அதுவும் எங்கள் ஆளுடையது அல்ல. மாரியம்மன் கோயில் பூசாரி வேடிக்கை பார்க்க வந்து வரிசையில் மாட்டிக்கொண்டார். காய்ச்சலில் விழுந்து கிடந்த வாட்ச்மேனை மூன்று மைல் முதுகில் சுமந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அவர்.

"எதுக்கு அவரத் தூக்கினீங்க?" என்றார் மேஸ்திரி.

பூசாரி ரொம்ப நேரம் யோசித்தார். "கீழ கெடந்தாரு" என்றார்.

மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார். "சுத்தமான பாலு. வைங்க சாமி!"

பூசாரி விபூதிக் கையோடு புல்லை வைத்துவிட்டுப் போனார்.

அது ரப்பர் விலை படுத்துக்கொண்ட காலம். தோட்டம் தோட்டமாக வயசாளிகளை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியின் பெயரும் ஜனவரிப் பட்டியலில் வந்தது. சேதியை நான்தான் சொன்னேன். அவர் வருத்தப்பட்டது வேறொன்றுக்கு.

"தம்பி, பதினெட்டு வருஷத்துல அந்தத் தொட்டில்ல நான் ஒரு புல்லுகூட வச்சதில்ல."

அலமாக்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் மேஸ்திரி?"

"என்னோடதையும் பாக்கணுமில்ல? எதைப் பாத்தாலும் தண்ணி. ஊரான் பாலெல்லாம் கொட்டச் சொன்னவன் என் பால ஊத்தலாமா? கப்பலேறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு வச்சிடணும். இல்லாட்டி அவர் கிட்ட நான் எந்த மொகத்தோட போவேன்?"

அவர் என்று சொன்னது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையை அல்ல. கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

அன்றிலிருந்து தோட்டத்துக்குப் பிடித்தது சனியன். மேஸ்திரி நல்லது செய்ய ஆரம்பித்தார்.

முதலில் தன் கம்பளியை வாட்ச்மேனுக்குக் கொடுத்தார். மறுநாள் என்னிடம் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "குடுத்துட்டு வர்றப்ப வாயில பாட்டு வந்திடுச்சி தம்பி. பெருமை இல்லாம பாட்டு எங்கேருந்து வரும்? போச்சு."

அடுத்தது, யாருக்கும் தெரியாமல் செய்வதென்று முடிவெடுத்தார். எல்லோரும் வெட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து லயத்துக்குப் பின்னால் அடைத்துக் கிடந்த சாக்கடையில் இறங்கி வாரினார். ஆயாக்கொட்டாயில் பிள்ளை பார்க்கிற ஆயா பார்த்துவிட்டாள். மேஸ்திரி ஏதோ நகையைத் தொலைத்துவிட்டார் என்று அவளுக்கு நினைப்பு. வெட்டு முடிந்து வந்தவர்கள் அத்தனை பேரும் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் சாக்கடை பளிச்சென்று ஆகிவிட்டது. நகை கிடைக்கவில்லை என்று எல்லோருக்கும் மனக்கஷ்டம். மேஸ்திரி சேற்றோடு என் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "இப்ப இது யாரோட புண்ணியம்?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்?

மூன்றாவதாக, பெரிய கங்காணியிடம் ஒரு நாள் முழுக்க அன்பாக நடந்துகொண்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். மத்தியானம் "ரொம்ப இளைச்சிட்டீங்க" என்றார். கங்காணி மூன்று மணிக்கு வெளிறிப்போய் என்னிடம் ஓடி வந்தார். "கிராணியாரே, மறைக்காம சொல்லுங்க. என்னைய வேலையவிட்டுத் தூக்கப் போறாங்களா?" அப்படி ஒன்றுமில்லை என்று நான் சத்தியம் செய்தும் நம்பாமல் ஆஸ்பத்திரி டிரெசரிடம் போய் நாடி பார்த்துக்கொண்டார்.

இப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது. சாமியார் வந்து இறங்கியபோது மேஸ்திரி பாதி ஆளாகியிருந்தார்.

அந்த வருஷம் எங்கள் கிறிஸ்துமஸ் டிசம்பர் இருபத்து மூன்று. முந்தின நாள் மத்தியானம் பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. கோயில் மூலையில் ஒரு கைலித் துணியைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் சாமியார் உட்கார்ந்தார். இருபது பேர் வரிசை. மேஸ்திரி முதலில் போய் மண்டியிட்டார். தன் காதுக்கு மெதுவான குரலில், அதாவது நாலாவது லயத்துக்குக் கேட்கும் குரலில், ஆரம்பித்தார்.

"சாமி, நான் பெரிய பொய் சொல்லிட்டேன்!"

வரிசை நிமிர்ந்தது. காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான் முறை. யாரும் பொத்தவில்லை.

"பால் வெட்டுற அஞ்சலை வாளியில தண்ணி இருந்திச்சி சாமி! சரிவுல வழுக்கி விழுந்து வாளி கொட்டிப்போச்சி. பயந்துபோயி ஓடைத் தண்ணிய ஊத்திக் கொண்டாந்திருக்கா. குச்சி மேல ஏறி நின்னுருச்சி. ஏற்கெனவே ரெண்டு வாட்டி மாட்டினவ. மூணாவதுன்னா தோட்டத்தவிட்டே அனுப்பிருவாங்க. முழங்காலெல்லாம் ரத்தம். இடுப்புல கைப்புள்ள. 'நல்ல பாலு'ன்னு சொல்லி ஊத்தச் சொல்லிட்டேன்! பதினெட்டு வருஷத்துல மொத பொய்!"

வரிசையில் மீதி பதினெட்டுத் தலைகளும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தன. நான் ஆபீஸ் கிராணி. தண்ணீர் கலந்த சேதி காதில் விழுந்தால் துரைக்கு எழுதி வைப்பது என் வேலை. நான் மாதா சுரூபத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் சாமியார் தமிழைப் புத்தகத்தில் படித்தவர். கொச்சையே வராது. "மகனே, அந்நேரம் உமது உள்ளத்தில் மகிழ்ச்சி உண்டாயிற்றோ?" என்று கேட்டார். மேஸ்திரிக்குக் கேட்க வேண்டுமென்று அவரும் கத்த வேண்டியிருந்தது.

"ஏது சாமி மகிழ்ச்சி? நாலு நாளாச் சோறு எறங்கல!"

"பிறர் புகழ்ந்தனரோ?"

"அவளுக்கே தெரியாது சாமி. குச்சி பழுதுன்னு நெனச்சிக்கிட்டுப் போயிட்டா."

பிறகு சாமியார் சொன்னார். "பொய் பாவமே. அதற்கு அபராதமாக ஒரு புல் எடுத்துத் தொட்டிலில் வையும்."

"சாமி! பாவத்துக்கா புல்லு? குச்சி போட்டா தேறாதே!"

"மகனே, ஆண்டவர் நம்மை அளந்து பார்த்துவிட்டா நம்மிடையே வந்து பிறந்தார்? அபராதம் கொடுத்தாயிற்று. எழுந்து போம்."

என் முறை வந்தபோது எனக்கு என் பாவம் ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. "சாமி, இப்ப கேட்டத நான் துரைகிட்ட சொல்லணுமா?" என்றேன்.

"நீர் என்ன கேட்டீர்?"

"ஒண்ணும் கேக்கல சாமி."

"அது பொய். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லும்" என்றார். சொன்னேன். அஞ்சலை விஷயத்தில் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே போகவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர்களும் மூன்று மூன்று மந்திரம் சொன்னதைப் பார்த்தேன்.

மறுநாள் காலைப் பூசை. அதற்கு முன் மேஸ்திரி ஒற்றைப் புல்லோடு தொட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார். வெளுத்த வேட்டி, படிய வாரிய தலை. முக்காலி காலியாக இருந்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாராச்சும் கேளுங்கய்யா. கேக்காம எப்படி வைக்கிறது?"

கடைசியில் பெரிய கங்காணிதான் தொண்டையைக் கனைத்தார். "பேசாம வை லா மேஸ்திரி. புள்ளைக்குக் குளுருது."

மேஸ்திரி குனிந்தார். புல்லை வைத்தார். பூசாரி வைத்த புல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். சாமியார் குழந்தை சுரூபத்தைக் கொண்டுவந்து அதன்மேல் கிடத்தினார். மேஸ்திரி பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றுகிறது. முகமோ கல்யாண மாப்பிள்ளை முகம். பாட்டு ஆரம்பித்ததும் என் காதருகே குனிந்து, கோயில் முழுக்கக் கேட்கும்படி ரகசியம் சொன்னார்.

"தம்பி, உள்ள ரொம்ப சந்தோசமா இருக்கே. போயி எடுத்துடவா?"

எழுந்திருக்கப் போனவரின் கையை எட்டிப் பிடித்தேன். பால் கறை ஏறிக் காய்த்துப்போன கை. பூசை முடியும்வரை நான் அதை விடவில்லை. விட எனக்கு மனசும் வரவில்லை.